லேப்டாப் வாங்கும் முன் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள்: எந்த போர்ட் யாருக்கு வேண்டும்?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ப்ராசஸர் என்ன, ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு பில் போடச் சொல்லிவிடுகிறார்கள். பக்கவாட்டில் என்னென்ன போர்ட், அதாவது ஒயர் செருகும் துளை, இருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பவர் குறைவு. எஸ்எஸ்டியைப் பல மாடல்களில் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றில் ராமையும் கூட்டலாம். போர்ட்டைக் கூட்ட முடியாது. வாங்கிய அன்று என்ன இருக்கிறதோ அதோடுதான் அடுத்த நாலைந்து வருடம்.

எங்கள் வீட்டில் இந்த வருடம் மூன்று லேப்டாப் வாங்க வேண்டி வந்தது. சத்துவாச்சாரியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் எனக்கு ஒன்று, காட்பாடியில் பொறியியல் சேர்ந்த அண்ணன் மகனுக்கு ஒன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் மெஷின் பராமரிப்பு பார்க்கும் அக்கா வீட்டு மாமாவுக்கு ஒன்று. மூன்று பேருக்கும் மூன்று கட்சி. "சித்தப்பா, ரெண்டு டைப்-சி இருந்தா போதும், மத்ததெல்லாம் வெயிட்டு" என்றான் பையன். "லேன் போர்ட் இல்லாத லேப்டாப்பை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது" என்றார் மாமா. (டைப்-சி என்பது இப்போதைய ஃபோன்களில் இருக்கும் சின்ன நீள்வட்ட முனை, லேன் என்பது நெட்வொர்க் ஒயர் செருகும் துளை.) எனக்கோ சாதாரண யு.எஸ்.பி. குறைந்தது மூன்று வேண்டும். கடைக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் முதல் முறை வாங்குபவர்களுக்கு உதவும்.

1. முதலில் மேசையைப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, கணினியில் எதையெல்லாம் செருகுகிறீர்கள் என்று எழுதுங்கள். மனசுக்குள் போடும் பட்டியலில் பாதி விட்டுப்போகும். மேசையையும் பையையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "தினமும்", "வாரத்துக்கு ஒரு தடவை", "எப்போதாவது" என்று குறியுங்கள்.

என் பட்டியலில் தினமும் வந்தவை: மவுஸின் ரிசீவர், பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ஆன்லைனில் கையெழுத்துப் போட உதவும், பென்டிரைவ் மாதிரியான சாதனம்), மானிட்டர், சார்ஜர். வாரத்துக்கு ஒரு தடவை, வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ். எப்போதாவது, பழைய ஹார்டு டிஸ்க்.

இதில் என் கருத்து ஒன்றுதான்: தினமும் செருகுவதற்கு லேப்டாப்பிலேயே போர்ட் இருக்க வேண்டும், எப்போதாவது செருகுவதற்கு, ஒரு முனையை இன்னொன்றாக மாற்றும் கன்வெர்ட்டர் போதும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் மற்றவர்கள் சண்டையில் நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை செருகியிருக்கும்? மொத்தம் ஏழு சாமான் இருக்கலாம், ஆனால் ஒரே சமயத்தில் நான்குக்கு மேல் இருக்காது என்றால் நான்கு போதும். சார்ஜரை மறக்காமல் கணக்கில் சேருங்கள். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடலில் இரண்டு டைப்-சி என்று போட்டிருந்தால், வேலை நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுதான்.

2. யாருக்கு எது உள்ளேயே இருக்க வேண்டும்

கணக்கர், வக்கீல், டெண்டர் போடும் ஒப்பந்ததாரர்: உங்களுக்கு பழைய செவ்வக யு.எஸ்.பி., அதாவது யு.எஸ்.பி.-ஏ, கட்டாயம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் பெரும்பாலும் இந்த முனையோடுதான் வருகின்றன. கம்பெனிகளின் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கும் அரசு டெண்டர் தளத்துக்கும் அது இல்லாமல் நடக்காது. ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் ஹப் மலிவானதாக இருந்து, அதில் டோக்கனைச் செருகி வைத்திருக்கும்போது ஹப் ஒரு நொடி விட்டுப் பிடித்தால் போதும், டோக்கனைக் கழற்றிவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். டெண்டர் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது இது நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒப்பந்ததாரர்களைக் கேளுங்கள். இ-சேவை மையம் நடத்துபவர்களின் கைரேகைக் கருவிக்கும் இதே பேச்சுதான்: நேராக லேப்டாப்பில் செருகுங்கள், நடுவில் எதையும் வைக்காதீர்கள்.

தொழிற்சாலை, மெஷின் பக்கம் வேலை செய்பவர்: மாமா சொன்னது சரி. மெஷினை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவியோடு பேச, நெட்வொர்க் சுவிட்சைச் சரிபார்க்க, கேமரா ரெக்கார்டரை இணைக்க, எல்லாவற்றுக்கும் லேன் போர்ட் வேண்டும். யு.எஸ்.பி. லேன் அடாப்டரும் வேலை செய்யும்தான். ஆனால் ஒரு கையில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு பேனலுக்கு முன்னால் நிற்பவருக்கு, தொங்கும் அடாப்டர் எப்போது கழலும் என்று தெரியாது. தோல் தொழிற்சாலை என்றால் அந்தக் காற்றில் முனைகள் சீக்கிரம் கறுத்துவிடுகின்றன என்கிறார் மாமா. பழைய மெஷின்களுக்கு வேண்டிய 9 பின் சீரியல் போர்ட் இன்று கடையில் கிடைக்கும் லேப்டாப்களில் வருவதில்லை. அதற்கு அடாப்டர்தான் வழி, 6-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

லேன் போர்ட்டில் ஒரு சின்ன எச்சரிக்கை. மெல்லிய லேப்டாப்களில் கீழ்த்தாடை மாதிரி திறந்து மூடும் லேன் போர்ட் வைத்திருப்பார்கள். தினமும் செருகிக் கழற்றுகிறவர்களுக்கு அந்தத் தாடைதான் முதலில் உடையும். முழு உயர போர்ட் உள்ள தடித்த மாடலே உங்களுக்கு நல்லது.

மாணவர்: அண்ணன் மகன் சொன்னதில் பாதி சரி. ஃபோன், இயர்போன், பவர் பேங்க் எல்லாம் டைப்-சி ஆகிவிட்டன. ஒரே சார்ஜரில் லேப்டாப்பும் ஃபோனும் ஏறினால் பை எடை குறையும். ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவோடுதான் போகிறான். லேபில் கொடுக்கும் போர்டுகளின் ஒயருக்கும் மறுமுனை பெரும்பாலும் யு.எஸ்.பி.-ஏ. ஆகவே இரண்டு டைப்-சி, ஒன்றிரண்டு யு.எஸ்.பி.-ஏ, ஒரு எச்.டி.எம்.ஐ. (டிவி, மானிட்டர், ப்ரொஜெக்டருக்குப் படம் அனுப்பும் போர்ட்) என்பது மாணவருக்குப் பொருத்தம். லேன் வேண்டுமா என்பதை விடுதியில் இருக்கும் சீனியரிடம் கேளுங்கள். அறையில் லேன் முனை இருந்து வைஃபை மந்தமாக இருந்தால் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

ஆசிரியர், மாநாட்டில் ஸ்லைடு காட்டும் மருத்துவர்: எச்.டி.எம்.ஐ. உள்ளேயே இருக்கட்டும். நூறு பேர் முன்னால் நின்றுகொண்டு அடாப்டரைத் தேடுவது யாருக்கும் வேண்டாம். சில வகுப்பறைகளில் இன்னும் விஜிஏ என்ற பழைய வகை ப்ரொஜெக்டர் ஒயர்தான் தொங்குகிறது, அதற்கு ஒரு கன்வெர்ட்டர் பையில் நிரந்தரமாக இருக்கட்டும்.

கல்யாண ஃபோட்டோகிராஃபர்: எஸ்டி கார்டு ஸ்லாட் முழு அளவா, மைக்ரோ எஸ்டி மட்டுமா என்று பாருங்கள். விளம்பரத்தில் இரண்டையும் "கார்டு ரீடர்" என்றே போடுவார்கள். யு.எச்.எஸ்.-1 என்ற வேக வகை ஸ்லாட்டின் உச்சம் நொடிக்கு 104 எம்பி, யு.எச்.எஸ்.-2 என்றால் 312 எம்பி வரை. விலை குறைந்த லேப்டாப்களில் உள்ள ஸ்லாட் அந்த 104-ஐக்கூடத் தொடாது. முகூர்த்தம் முடிந்து கார்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் தனி ரீடர் வாங்கிவிடுவது மேல்.

பில் போடும் கடைக்காரர்: பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், மவுஸ் என்று மூன்று யு.எஸ்.பி.-ஏ. அவ்வளவுதான், மற்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த விவாதம் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் 2016-இல் மேக்புக் ப்ரோவில் எச்.டி.எம்.ஐ., கார்டு ஸ்லாட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஹெட்ஃபோன் துளையைத் தவிர, டைப்-சி வடிவ போர்ட்டுகளை மட்டும் வைத்தது. 2021-இல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் எச்.டி.எம்.ஐ.யும் கார்டு ஸ்லாட்டும் திரும்பி வந்துவிட்டன. ஆகவே "இனிமே எல்லாம் டைப்-சி தான் சார்" என்று யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள்.

3. டைப்-சி: இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்

டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும். உள்ளே என்ன வேலை நடக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மூன்று கேள்வி தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஒன்று, டேட்டா வேகம் என்ன? யு.எஸ்.பி. 2.0 என்றால் நொடிக்கு 480 மெகாபிட் (எம்பிபிஎஸ்). 3.2 ஜென் 1 என்றால் நொடிக்கு 5 கிகாபிட் (ஜிபிபிஎஸ்), ஜென் 2 என்றால் 10. யு.எஸ்.பி.4 என்றால் 20 அல்லது 40, டைப்-சி வடிவத்திலேயே வரும் வேகமான வகையான தண்டர்போல்ட் 4 என்றால் 40. "3.2" என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஜென் 1 என்பது பழைய 3.0-வுக்கு வைத்த புதுப் பெயர்தான்.

இரண்டு, மானிட்டருக்குப் படம் போகுமா? விவரத்தாளில் "டிஸ்ப்ளே போர்ட்" அல்லது "தண்டர்போல்ட்" என்ற சொல் அந்த டைப்-சி வரியிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் படம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, சார்ஜ் ஏறுமா? அதற்கு "பவர் டெலிவரி" என்ற சொல் வேண்டும். இதிலும் ஒரு குழப்பம் உண்டு. லேப்டாப்பிலிருந்து ஃபோனுக்கு சார்ஜ் போவதையும் சிலர் "சார்ஜிங் சப்போர்ட்" என்றே சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: "இந்த டைப்-சி வழியா லேப்டாப்புக்கே சார்ஜ் ஏறுமா, எத்தனை வாட்?"

கேமிங் லேப்டாப்பில் உருண்டைப் பின் சார்ஜர் தனியாக வரும். டைப்-சி சார்ஜ் ஏறினாலும் பல மாடல்களில் 100 வாட்டோடு நின்றுவிடும். கேம் ஓடும்போது அது பத்தாது, பேட்டரி மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். பாடம் படிக்க, படம் பார்க்கப் போதும்.

கேபிளிலும் கவனம் வேண்டும். 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் கொடுக்கிறது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், அதாவது 60 வாட். சார்ஜரோடு ஒட்டிவரும் கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. தனியாக வாங்கினால் 100 வாட் என்று எழுதியிருக்கும் 5 ஆம்பியர் கேபிளாக வாங்குங்கள்.

போர்ட் பக்கத்தில் உள்ள குறிகளையும் படிக்கலாம். அம்பு முனையோடு மின்னல் போட்டிருந்தால் தண்டர்போல்ட். டி, பி எழுத்துகள் பின்னிய மாதிரி இருந்தால் படம் போகும். 10 என்று எண் போட்டிருந்தால் 10 ஜிபிபிஎஸ். விலை குறைந்த மாடல்களில் குறியே போட மாட்டார்கள், அப்போது விவரத்தாள் ஒன்றுதான் கதி.

4. மாடல் எண்ணை முழுதாக வாங்குங்கள்

"அதே சீரிஸ்தான் சார், கலர் மட்டும் வேற" என்பார்கள். நம்பாதீர்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு லேப்டாப்பில், இன்டெல் ப்ராசஸர் உள்ளதில் தண்டர்போல்ட் இருக்கலாம், ஏஎம்டி உள்ளதில் இல்லாமல் போகலாம். திரை அளவு மாறினால் லேன் போர்ட் மாயமாகும்.

பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு மாடல் எண் இருக்கும். அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் விவரத்தாள் கிடைக்கும். லெனோவாவுக்கு பிஎஸ்ரெஃப் என்று தனித் தளமே இருக்கிறது, ஒவ்வொரு போர்ட்டுக்கும் என்ன வேலை என்று வரி வரியாகப் போட்டிருப்பார்கள். டெல், எச்பி தளங்களிலும் மாடலுக்கான கையேட்டைப் பதிவிறக்கலாம். விற்பனைத் தளங்களில் உள்ள விவரத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அதை விற்பவர்களே நிரப்புகிறார்கள்.

போர்ட் பகுதி இருக்கும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். தாளைப் பார்த்தால் பேச்சின் தோரணையே மாறும்.

எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதையும் படத்தில் பாருங்கள். எல்லா போர்ட்டும் வலப்பக்க முன்பகுதியில் இருந்தால் மவுஸ் பிடிக்கும் கைமேல் ஒயர்கள் விழும். இரண்டு டைப்-சியும் ஒரே பக்கத்தில் இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இருந்தால் விடுதிக் கட்டிலில் எந்தப் பக்கம் பிளக் இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு யு.எஸ்.பி.-ஏ ஒட்டி ஒட்டி இருந்தால் ஒன்றில் தடித்த பென்டிரைவ் போட்டதும் மற்றது அடைந்துவிடும்.

5. கடையில் கையோடு சோதியுங்கள்

கொண்டுபோக வேண்டியவை: ஒரு பென்டிரைவ், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், யாரிடமாவது இரவல் வாங்கிய 65 வாட் டைப்-சி சார்ஜர், முடிந்தால் டைப்-சியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர். சோதனை டெமோ பீஸில்தான். சீல் பெட்டியைப் பிரிக்க விடமாட்டார்கள், அது நியாயமும்தான்.

அண்ணன் மகனோடு போன ஒரு கடையில் நடந்தது இது.

"டைப்-சி இருக்காப்பா?"

"இருக்கு சார்."

"அதுல மானிட்டருக்குப் படம் போகுமா?"

"எல்லாம் போகும் சார், டைப்-சிதானே."

"லேப்டாப்புக்கு சார்ஜ் ஏறுமா?"

"அதுவும் ஏறும் சார்."

பையிலிருந்து சார்ஜரை எடுத்துச் செருகினேன். திரையின் மூலையில் பேட்டரி படம் அசையவே இல்லை. பையன் ஒயரைக் கழற்றித் திருப்பிப் போட்டான், அப்போதும் இல்லை. "அது ஃபோனுக்கு டேட்டா ஏத்தறதுக்கு சார்" என்றார் விற்பனையாளர், குரல் கொஞ்சம் இறங்கி. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது ராம், எஸ்எஸ்டி, ஆஃபர், இந்த மூன்றும்தான். ஆனால் அந்த சார்ஜர் கையில் இல்லாமல் போயிருந்தால் அந்த மாடல்தான் வீட்டுக்கு வந்திருக்கும்.

எச்.டி.எம்.ஐ.யைச் சோதிக்க, பெரிய ஷோரூம் என்றால் டிவி பிரிவு பக்கத்திலேயே இருக்கும். ஒரு டிவியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். 4கே மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் எச்.டி.எம்.ஐ. பதிப்பையும் பாருங்கள். 1.4 என்றால் 4கேயில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 2.0 இருந்தால் 60 ஹெர்ட்ஸ். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டருக்கு இது பொருட்டே இல்லை.

மேக்புக் ஏர் பார்ப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்1, எம்2 மாடல்கள் வெளியே ஒரு மானிட்டருக்குத்தான் படம் கொடுக்கும். இரண்டு எச்.டி.எம்.ஐ. உள்ள சாதாரண ஹப் வாங்கினாலும் மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும். அதே ஹப் விண்டோஸில் இரண்டு தனிப் படம் காட்டும். ஹப்பை விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

கடைசியாக ஒவ்வொரு போர்ட்டிலும் எதையாவது செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். டெமோ பீஸ் பலர் கை பட்டது, கொஞ்சம் தளர்வு இருக்கலாம். கொடகொடவென்று ஆடினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

6. உள்ளே இல்லாததற்கு வெளியே எவ்வளவு செலவு

வேலூர்க் கடைகளில் விசாரித்த வரை தோராயமான விலை இது. பிராண்டைப் பொறுத்து ஏறி இறங்கும்.

எச்.டி.எம்.ஐ.யிலிருந்து விஜிஏ கன்வெர்ட்டர் சுமார் 300 முதல் 600 ரூபாய். இதில் திசை முக்கியம். விஜிஏவிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு பொருள். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். லேப்டாப் பக்கம் எச்.டி.எம்.ஐ. ஆண் முனை, ப்ரொஜெக்டர் ஒயர் பக்கம் விஜிஏ பெண் முனை என்று பார்த்து வாங்குங்கள். விஜிஏவில் ஒலி போகாது என்பதால் ஆடியோ துளை உள்ளதாக இருந்தால் நல்லது.

யு.எஸ்.பி. லேன் அடாப்டர் 500 முதல் 1,500 வரை. மலிவாகக் கிடைப்பது 100 எம்பிபிஎஸ், யு.எஸ்.பி. 2.0. "கிகாபிட்", "யு.எஸ்.பி. 3.0" இரண்டும் அட்டையில் இருக்க வேண்டும்.

சீரியல் அடாப்டர் 400 ரூபாய்க்கும் இருக்கிறது, 2,000 ரூபாய்க்கும் இருக்கிறது. வித்தியாசம் உள்ளே இருக்கும் சிப்பில். ப்ரொலிஃபிக் சிப்பின் போலிகளும் பழைய பதிப்புகளும் புதிய விண்டோஸில் ஓடாது, டிரைவரே வேலை செய்ய மறுத்துவிடும். எஃப்டிடிஐ சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மெஷின் நின்று, மேலாளர் பின்னால் நிற்கும்போது 1,500 ரூபாய் பெரிதாகத் தெரியாது.

டைப்-சி ஹப் 1,500 முதல் 3,500 வரை. வாங்கும் முன் மூன்று விஷயம். அதன் யு.எஸ்.பி. 3.0-ஆ 2.0-ஆ என்று பாருங்கள். அதன் வழியாக சார்ஜ் போகும்போது ஹப் தனக்கென்று கொஞ்சம் வாட் எடுத்துக்கொள்ளும், 65 வாட் சார்ஜர் போட்டால் லேப்டாப்புக்கு 65 முழுதாகப் போகாது. அப்புறம் சூடு. உலோக ஹப் தொட்டால் சுடுவது இயல்பு. ஆனால் நம் ஊர் மே மாத வெயிலில், ஃபேன் காற்று படாத மேசையில் வைத்தால் மலிவான ஹப்கள் விட்டு விட்டு வேலை செய்யும்.

ஹப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசையில் வைத்தே வேலை செய்பவருக்கு ஒரே முனையில் எல்லாவற்றையும் செருகிக் கழற்றுவது சௌகரியம்தான். ஆனால் லேப்டாப் விலையை ஒப்பிடும்போது இந்தச் செலவையும் சேர்த்து ஒப்பிடுங்கள். 2,000 ரூபாய் மலிவு என்று எடுத்த மெல்லிய மாடலுக்கு 3,000 ரூபாய் ஹப்பும் 1,000 ரூபாய் லேன் அடாப்டரும் வாங்கினால் மலிவு எங்கே போனது?

7. பில்லும் மற்ற தாள்களும்

ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம். "பில் இல்லாம கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்றால் வாரண்டியில் தகராறு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. பில்லில் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அந்த சீரியல் எண் பெட்டியில் உள்ளதோடும் லேப்டாப்பின் அடியில் உள்ளதோடும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

தொழில் நடத்துபவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பில் போடும் முன்பே கொடுத்துவிட வேண்டும். தொழிலுக்குப் பயன்படும் லேப்டாப்புக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க அது வேண்டும். பில் போட்ட பிறகு மாற்றச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

மாணவர் சலுகைக்குக் கல்லூரி அடையாள அட்டையோ சேர்க்கைக் கடிதமோ கேட்பார்கள். சில கம்பெனிகள் கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும், சேர்ந்த பிறகுதான் அது கிடைக்கும். தவணையில் வாங்கினால் ஆதார், பான், வங்கி விவரம் கொண்டுபோங்கள். "வட்டியில்லா தவணை" என்றாலும் செயலாக்கக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்று, இது எழுதாத விதி. கடைக்காரர் "டைப்-சி சார்ஜ் ஏறும்" என்று உறுதி சொன்னால் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிறார் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

8. எப்போது, எங்கே

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கல்லூரி சேர்க்கைக் கூட்டம். மாணவர்களுக்கான மாடல்கள் நிறைய வரும், ஆனால் உங்களுக்குப் பொறுமையாகக் காட்ட ஆள் இருக்காது. வார நாளில் காலையில் போங்கள். தீபாவளியையொட்டி விலை இறங்கும், ஆனால் அப்போது தள்ளிவிடுவது பழைய மாடலாக இருக்கலாம். போர்ட் பட்டியல் ஒத்துப்போனால் பழைய மாடலில் தப்பில்லை.

லேன் போர்ட், மூன்று யு.எஸ்.பி.-ஏ என்று கேட்டால் ஷோரூம்களில் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். அவை அலுவலக சீரிஸ்களில் வருபவை: திங்க்பேட், ப்ரோபுக் போன்றவை. இவற்றைக் கையிருப்பில் வைப்பது குறைவு. கணினி மட்டும் விற்கும் டீலரிடம் மாடல் எண்ணைக் கொடுத்தால் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவார். சில நாள் ஆகும், முன்பணம் கேட்பார். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள், அதில் மாடல் எண் இருக்கட்டும். மாமாவுக்கு இப்படித்தான் கிடைத்தது.

காட்பாடியில் ரயில் ஏறி சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புது லேப்டாப்புக்காக வேண்டாம், விலை வித்தியாசம் பயணத்தில் போய்விடும். அடாப்டர், ஹப், கேபிள் என்று ஒரு பட்டியலே இருந்தால் போகலாம், அங்கே வகை அதிகம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு போர்ட் விஷயத்தில் அதிர்ஷ்டம். பழைய அலுவலக மாடல்களில் லேன், எச்.டி.எம்.ஐ., சிலவற்றில் விஜிஏ கூட இருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள், அதற்குக் கீழுள்ளதை விண்டோஸ் 11 முறையாக ஏற்காது.

9. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

பெட்டியைப் பிரிப்பதை ஃபோனில் வீடியோ எடுங்கள். அன்றே எல்லா போர்ட்டிலும் எதையாவது செருகிச் சோதியுங்கள், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். மாற்றித் தரும் காலம் கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில நாள்தான் இருக்கும். அது முடிந்தபின் போர்ட் கோளாறு என்றால் சர்வீஸ் சென்டரில் பழுதுபார்ப்பதுதான், புதுசு கிடைக்காது. பெட்டி, தெர்மக்கோல், ஸ்டிக்கர் எல்லாம் அதுவரை பரணில் இருக்கட்டும்.

மவுஸ் அவ்வப்போது திக்கினால் மவுஸைக் குறை சொல்லும் முன் ரிசீவரை இடம் மாற்றுங்கள். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் அலைவரிசையில் இடைஞ்சல் வரும். எதிர்ப்பக்கத்தில் உள்ள யு.எஸ்.பி. 2.0 போர்ட் இருந்தால் அதுதான் ரிசீவருக்கு இடம்.

டைப்-சியில் சார்ஜ் போடுபவர்கள் தினமும் ஒரே போர்ட்டைப் பயன்படுத்தாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். சில மாதத்தில் முனை முழுதாக உள்ளே போகாத மாதிரி தோன்றினால் உள்ளே பஞ்சும் தூசியும் அடைந்திருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசியோ குண்டூசியோ வேண்டவே வேண்டாம். போர்ட்டே போய்விட்டால், வாங்கும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தால் உதவும்: அந்த மாடலில் போர்ட் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா, மதர்போர்டோடு ஒட்டியிருக்கிறதா? தனியாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டியிருந்தால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள், வாரண்டி முடிந்திருந்தால் அந்தத் தொகைக்கு ஒரு பழைய லேப்டாப்பே வந்துவிடும்.

ஹப்பையும் அடாப்டரையும் அதே கடையில் வாங்கியிருந்தால் அவற்றுக்கும் பில்லில் தனி வரி இருக்கட்டும். அவற்றின் வாரண்டி லேப்டாப்பின் வாரண்டியோடு சேர்ந்து போகாது, தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.